ஒரு ஜாம்பழ மரம், ஒரு வாளித் தண்ணீர்: கொழும்பு முன்பள்ளிகளில் இயற்கையோடு சேர்ந்த தொழில்வழிச் சிகிச்சைக்கு முழுமையான வழிகாட்டி

"மகனுக்கு நாலரை வயது, அடுத்த வருஷம் தரம் ஒன்று, இன்னும் பென்சிலைச் சரியாகப் பிடிக்கிறார் இல்லை, என்ன செய்யலாம்?"

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கத்து முன்பள்ளிகளுக்குத் தொழில்வழிச் சிகிச்சையாளராகப் போய்வரும் எனக்கு அதிகம் வருகிற கேள்வி இதுதான். நான் திருப்பிக் கேட்பது: மகன் கடைசியாக எதில் ஏறினவர்? எதைத் தூக்கினவர்? வெறுங்காலோடு எங்கே நடந்தவர்? அம்மாக்கள் கொஞ்சநேரம் யோசிப்பார்கள். ஐந்தாம் மாடி பிளாட், டைல் தரை, லிப்ட், ஓட்டோ, முன்பள்ளிக் கதிரை, திரும்ப ஓட்டோ, லிப்ட், சோபா, போன். இப்படி வளரும் பிள்ளைகளில் பலருக்கு விரலில் ஒரு பிழையும் இருப்பதில்லை, விரல் வேலை செய்யும்போது அசையாமல் தாங்கிக்கொடுக்க வேண்டிய தோளுக்கும் முதுகுக்கும்தான் பழக்கம் போதாது. அந்தப் பழக்கம் மேசையில் வராது, மண்ணிலும் மரத்திலும் தண்ணீர் வாளியிலும்தான் வரும். அதற்குக் காடு தேவையில்லை, கொழும்பு ஒழுங்கைக்குள் இருக்கும் ஒரு சின்ன முற்றமே போதும் என்பதை ரீச்சர்மாருக்கும் பெற்றோருக்கும் படிப்படியாகச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பெயர்களை முதலில் தெளிவாக்குவோம்

தொழில்வழிச் சிகிச்சை என்றதும் "நாலு வயதுப் பிள்ளைக்கு என்ன தொழில்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஒருவருடைய நாளை நிரப்பும் எல்லாக் காரியத்தையும் இந்தத் துறையில் தொழில் என்கிறோம். பிள்ளைக்கு அது விளையாடுவது, சாப்பிடுவது, சப்பாத்துப் போடுவது, கழிப்பறைக்குப் போய்வருவது, கூட்டாளியோடு சண்டைபிடித்துப் பிறகு சேர்வது. இவற்றில் எது முடியவில்லை, ஏன் முடியவில்லை, செய்யும் முறையிலோ இடத்திலோ எதை மாற்றினால் முடியும் என்று பார்ப்பதுதான் வேலை. ஆங்கிலத்தில் ஒக்கியுபேஷனல் தெரப்பி, பேச்சில் சுருக்கி ஓ.டி. என்போம்.

இயற்கையோடு சேர்ந்த முன்பிள்ளைப் பருவக் கல்வியும் புதிதல்ல. ஜெர்மனியில் 1837ல் கல்வியாளர் புரோபெல் தொடங்கிய பள்ளிக்கு அவர் பிறகு வைத்த 'கிண்டர்கார்டன்' என்ற பெயரின் பொருளே பிள்ளைகளின் தோட்டம் என்பதுதான். டென்மார்க்கில் 1950களில் பிள்ளைகளை நாள்முழுக்கக் காட்டில் வைத்திருக்கும் முன்பள்ளிகள் வந்தன, அங்கிருந்து மற்ற நாடுகளுக்கும் பரவின. நமக்கு இன்னும் நெருக்கமான ஆள் மரியா மொண்டிசோரி. 1944ல் இலங்கைக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். இன்றைக்கும் எந்த முன்பள்ளியையும் நாம் "மொண்டிசோரி" என்றுதானே சொல்கிறோம்! தண்ணீர் ஊற்றுவது, கூட்டுவது, பொத்தான் போடுவது என்று அவர் சொல்லிக்கொடுத்த அன்றாட வேலைகளைப் பார்த்தால் பாதி ஓ.டி. அங்கேயே இருக்கிறது. பெயரை வைத்துக்கொண்டு வேலையை விட்டுவிட்டோம் என்பதுதான் என் வருத்தம்.

வெளியே போவதால் என்ன நடக்கிறது

கண், காது, மூக்கு, நாக்கு, தோல் ஆகிய ஐந்தோடு உடம்புக்கு இன்னும் மூன்று உணர்வுகள் இருக்கின்றன. உள்காதில் இருக்கும் சமநிலை உணர்வு ஒன்று. கை கால் எங்கே இருக்கிறது, எவ்வளவு பலம் போடுகிறோம் என்று தசையும் மூட்டும் சொல்லும் உணர்வு இன்னொன்று. பசி, தாகம், சிறுநீர் வருகிறது என்று உள்ளிருந்து வரும் உணர்வு மூன்றாவது. இவை எல்லாம் ஒன்றுசேர்ந்து இயங்குவதைப் பற்றி அமெரிக்கத் தொழில்வழிச் சிகிச்சையாளர் ஜீன் எயர்ஸ் 1960கள், 70களில் நிறைய எழுதினார். அவர் சொன்னதில் நான் தினமும் பயன்படுத்துவது ஒன்றுதான்: சவால் பிள்ளைக்குக் கொஞ்சம் எட்டாமலும் இருக்கவேண்டும், முயன்றால் எட்டவும் வேண்டும்.

டைல் தரை எல்லாப் பிள்ளைக்கும் ஒரே சவால். மரத்தடி அப்படியில்லை. வேர் புடைத்த இடம், சரிவு, ஈர மணல், சருகு என்று ஒவ்வோர் அடியிலும் பாதம் புதிதாகக் கணக்குப் போடவேண்டும், தைரியமான பிள்ளை வேரின்மேல் நடக்கும், பயந்த பிள்ளை வேரைச் சுற்றிப் போகும், இருவருக்கும் அந்த ஒரே மரம் போதும். வெளிச்சத்தில் நிறைய நேரம் இருக்கும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வருவது குறைகிறது என்பதும் ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம்.

ஒன்று மட்டும் சொல்லிவைக்கிறேன். மண்ணில் விளையாடினால் ஆட்டிசம் குணமாகும் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். ஆட்டிசம் குணப்படுத்தவேண்டிய நோயல்ல. அந்தப் பிள்ளை மற்றவர்களோடு சேர்ந்து தன் நாளைச் சந்தோஷமாகக் கழிக்க வழி செய்வதுதான் நம் இலக்கு.

முதல் படி: ஒரு கிழமை பார்த்துக்கொண்டு மட்டும் இருங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள், பிறகு ஏன் பலனில்லை என்று கேட்கிறார்கள். ஒரு கொப்பி எடுங்கள். ஒரு பிள்ளைக்கு நாளுக்கு ஐந்து நிமிடம் போதும். திருத்தாதீர்கள், உதவாதீர்கள், கண்ணில் படுவதை மட்டும் எழுதுங்கள். "கவனமில்லாத பிள்ளை" என்று எழுதினால் அது தீர்ப்பு. "நிலத்தில் இருந்து மூன்று நிமிடத்தில் சுவரில் சாய்ந்தார்" என்று எழுதினால் அதை வைத்து நான் ஏதாவது செய்யமுடியும்.

நான் பார்ப்பவை இவை. நிலத்தில் எப்படி இருக்கிறார், கையை ஊன்றாமல் எழும்புகிறாரா? படியில் கால் மாற்றி இறங்குகிறாரா? ஒரு கை வேலை செய்யும்போது மற்றக் கை பொருளைப் பிடித்துக்கொடுக்கிறதா, சும்மா தொங்குகிறதா? இடப்பக்கத்துப் பொருளை எடுக்க வலக்கை உடம்பின் நடுக்கோட்டைத் தாண்டிப் போகிறதா? மணல், பசை, ஈரம் கையில் பட்டால் என்ன செய்கிறார்? ரயில் சத்தத்துக்குக் காதைப் பொத்துகிறாரா? யாரோடு விளையாடுகிறார், யார் கூப்பிட்டால் போகிறார்?

வயதுக் கணக்கும் கொஞ்சம் தெரிந்திருக்கவேண்டும். மூன்று வயதளவில் வட்டத்தைப் பார்த்து வரைவார்கள், நாலளவில் சிலுவைக் குறி, நாலரை ஐந்தில் சதுரம், ஐந்தளவில் முக்கோணம். ஒற்றைக் காலில் கெந்துவது நாலு வயதளவில் வரும். பென்சிலை முதலில் முழுக் கையால் பொத்திப் பிடிப்பார்கள், பிறகு விரல்கள் கீழ்நோக்கி வரும், மூன்று விரல் பிடி மூன்றரை நாலில் தலைகாட்டும், அந்த விரல்கள் தாமாக அசைந்து எழுதுவது நாலரைக்கும் ஆறுக்கும் இடையில். சில மாதம் முன்பின் ஆவது சாதாரணம். இந்தக் கணக்கைப் பார்த்தாலே தெரியும், மூன்று வயதுப் பிள்ளையைக் கோடு போட்ட கொப்பியில் 'அ' எழுதவைப்பது அந்தக் கையிடம் இல்லாத ஒன்றைக் கேட்பது. போட்டிக்காக அதைச் செய்யும் முன்பள்ளிகளையும் அதைக் கேட்டு வாங்கும் பெற்றோரையும் நான் பார்க்கிறேன், இரு பக்கத்திலும் கெட்ட மனம் இல்லை, ஆனால் பிள்ளை அழுகிறது.

சில விஷயங்களுக்குக் காத்திருக்கக்கூடாது. முன்பு செய்ததை இப்போது செய்யாமல் விடுவது, உடம்பின் ஒரு பக்கத்தைப் பாவிக்காமல் இருப்பது, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதது, சாப்பிடும்போது அடிக்கடி புரைக்கேறுவது, அடிக்கடி விழுவது. இப்படி இருந்தால் கிளினிக்கில் தந்த பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டையும் உங்கள் கொப்பியையும் எடுத்துக்கொண்டு சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கோ குடும்ப வைத்தியரிடமோ போங்கள். அங்கிருந்து பொரளை சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கோ, ராகமையில் மாற்றுத்திறனுள்ள சிறுவர்களுக்காக உள்ள அயத்தி நிலையத்துக்கோ அனுப்பக்கூடும். சிகிச்சையாளர் சிங்களம் பேசுபவராக இருக்கலாம். உங்களுக்குச் சிங்களம் கொஞ்சம்தான் வரும் என்றால், பார்த்தவற்றைத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து ஒரு பக்கத்துக்குச் சிங்களத்தில் எழுதிக்கொண்டு போங்கள். அந்த ஒரு பக்கம் பல கேள்விகளை மிச்சப்படுத்தும்.

இரண்டாம் படி: இடத்தைக் கணக்கெடுங்கள்

முதலில் உங்கள் முற்றம். நிழல் எங்கே எத்தனை மணிவரை, தண்ணீர்க் குழாய் எங்கே, மண் உண்டா அல்லது முழுக்கச் சீமெந்தா, பிள்ளை பிடித்துத் தொங்கக்கூடிய உயரத்தில் கிளை உண்டா? நான் போகும் ஒரு முன்பள்ளியில் இருப்பது ஒரு ஜாம்பழ மரம், ஒரு குழாய், இரண்டு பழைய டயர், ஒரு மூட்டை ஆற்றுமணல். அவ்வளவுதான். சீமெந்து முற்றம் என்றால் பெரிய பேசின்களில் மண் போட்டு வைக்கலாம்.

மாதத்தில் ஒரு நாள் வெளியே போகமுடிந்தால் விகாரமகாதேவி பூங்காவின் பெரிய மரங்களின் வேர்கள் போல ஏறி இறங்க நல்ல இடம் குறைவு. காலிமுகத்திடலில் ஓடலாம், பட்டம் விடலாம், நிழல்தான் இல்லை. கொழும்பு 2018ல், ஈரநிலங்களைப் பாதுகாக்கும் ராம்சார் சர்வதேச உடன்படிக்கையின் கீழ், ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் பெற்ற நகரம். பெத்தகானை, தியசரு போன்ற ஈரநிலப் பூங்காக்களில் பலகைப் பாதை இருக்கிறது, காலையில் போனால் கொக்கும் நீர்க்காகமும் பார்க்கலாம், சத்தம் பிடிக்காத பிள்ளைகளுக்கு அந்த அமைதி பெரிய உதவி. வெள்ளவத்தைக் கடற்கரை பக்கத்திலேயே இருக்கிறது என்றாலும் மரைன் டிரைவைக் கடந்தபின் ரயில் பாதையையும் கடக்கவேண்டும். குழுவாகப் பிள்ளைகளை நான் அங்கே கூட்டிப்போவதில்லை. மணல் வேண்டுமென்றால் மணலை முன்பள்ளிக்குக் கொண்டுவரலாம்.

மூன்றாம் படி: ஆபத்தைப் பார்த்துவிட்டுப் பிறகு பிள்ளையை விடுங்கள்

நுளம்பிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் கொழும்பில் டெங்கு பயத்தாலேயே பல முன்பள்ளிகள் முற்றத்தைப் பூட்டி வைத்திருக்கின்றன. டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது, விடிந்த பின்னும் பொழுது சாயும் முன்னும் அதிகம். முட்டை நுளம்பாவதற்கு ஏழு முதல் பத்து நாள்வரை போதும். ஆகவே கிழமையில் ஒரு நாளை, சொல்லுங்கள் வெள்ளிக்கிழமையை, தண்ணீர் கொட்டும் நாளாக வையுங்கள். டயருக்குள், பூச்சாடித் தட்டில், கூரைப் பீலியில், எல்லா இடத்திலும். நாம் விளையாடும் சிரட்டைதான் நுளம்புக்கும் பிடித்த வீடு. விளையாடி முடிந்ததும் சிரட்டைகளைக் கவிழ்த்து அடுக்குவதைப் பிள்ளைகளின் வேலையாக்கிவிடுங்கள், கைக்கும் பயிற்சி. டயரின் அடியில் ஓட்டை போட்டுவிடவேண்டும். மெல்லிய, வெளிர் நிற நீளக்கைச் சட்டை நல்லது.

செடிகளில் பெயர்க்குழப்பம் ஒன்று உண்டு. சிங்களத்தில் 'அரலிய' என்பது கோயிலுக்கு வைக்கும் வாசனைப் பூ. தமிழில் அரளி, அலரி என்பது கடும் நஞ்சு. மஞ்சள் அலரிக் காய் இந்த நாட்டில் உயிர்களைக் குடித்த காய். இரண்டு மொழி பேசும் ரீச்சர்மார் உள்ள இடத்தில் பெயரைச் சொல்லாமல் செடியைக் காட்டிப் பேசுங்கள். குண்டுமணியையும் ஊமத்தையையும் முற்றத்தில் வைக்கவேண்டாம். மஞ்சாடி விதை அழகு, ஆனால் மூக்குக்குள்ளும் தொண்டைக்குள்ளும் போகிற அளவு, வாயில் போடும் வயதுப் பிள்ளைகள் இருந்தால் வேண்டாம்.

மணல் பேசினை மூடிவையுங்கள், பூனை நாய் அதில் கழிவு செய்தால் புழுத்தொற்று வரும். மழைவெள்ளம் தேங்கிய சேற்றில் விளையாட விடாதீர்கள், எலிக்காய்ச்சல் அங்கேதான் காத்திருக்கிறது. நாம் கலக்கும் சேறு குழாய்த் தண்ணீரில் கலந்த சேறு. தென்னைக்குக் கீழே யாரும் இருக்கக்கூடாது. இடி கேட்டால் உடனே உள்ளே, கடைசி இடி கேட்டு அரை மணித்தியாலம் கழித்துத்தான் வெளியே. நாய் கடித்தாலும் பிராண்டினாலும் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு வைத்தியசாலைக்கு. வெளியே போகும்போது ஐந்து பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்பது என் கணக்கு, ஓடிப்போகும் பிள்ளைக்குத் தனியாக ஒருவர்.

நாலாம் படி: இலக்கை வீட்டு மொழியில் எழுதுங்கள்

"நுண்தசை இயக்கத்தை மேம்படுத்தல்" என்று எழுதினால் அம்மாவுக்கும் விளங்காது, மூன்று மாதம் கழித்து அது நடந்ததா என்று யாருக்கும் தெரியாது. "பொங்கலுக்குள் சாப்பாட்டுப் பெட்டியை உதவியில்லாமல் திறப்பது" என்று எழுதுங்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு நேரத்தில் இரண்டு இலக்குக்கு மேல் வேண்டாம்.

ஐந்து படிக்கட்டாக எழுதுவது எனக்குப் பிடித்த முறை, 1968ல் அமெரிக்காவில் உளநலத் துறையில் வந்த அளவுமுறையின் எளிய வடிவம் இது. மண்ணைத் தொட மறுக்கும் ஒரு பிள்ளைக்கு இப்படி எழுதினோம். இப்போதுள்ள நிலை: மண்ணுக்குப் பக்கத்தில் வந்தால் அழுகிறார். அடுத்தது: இரண்டடி தள்ளி நின்று பார்க்கிறார். எதிர்பார்க்கும் நிலை: கரண்டியால் மண்ணை அள்ளிச் சாடியில் போடுகிறார். அதைவிட நல்லது: காய்ந்த மண்ணில் கை வைக்கிறார். மிக நல்லது: ஈர மண்ணில் மற்றவர்களோடு சேர்ந்து கன்று நடுகிறார். இப்படி எழுதியிருந்ததால்தான், இரண்டடி தள்ளி நின்ற அன்றைக்கே ரீச்சர் அதை முன்னேற்றமாகக் கண்டுபிடித்தார்.

ஐந்தாம் படி: வேலையைத் தேர்ந்து, அதைப் பிரித்துப் பாருங்கள்

இதுதான் ஓ.டி.யின் உயிர். ஒரு வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து, எந்தத் துண்டில் பிள்ளை தடுக்குகிறது என்று பார்ப்பது. அதில் பழகிவிட்டால் விலையுயர்ந்த விளையாட்டுச் சாமான் எதுவும் வாங்கத் தேவையில்லை.

மரத்துக்குத் தண்ணீர் ஊற்றுவதையே எடுங்கள். குழாயடியில் குந்துவது, குழாயைத் திருகும் மணிக்கட்டு, வாளியில் போட்ட கோடுவரை வந்ததும் நிறுத்தும் கண், தூக்கி எழும்பும் முதுகு, சிந்தாமல் நடக்கும் வேகம், கன்று சரியாமல் வேரடியில் ஊற்றும் நிதானம், அடுத்தவர் முறை வரும்வரை காத்திருக்கும் பொறுமை. ஒரே வாளிக்குள் இவ்வளவு இருக்கிறது! குந்த முடியாத பிள்ளைக்கு வாளியைக் கல்லின்மேல் வைக்கலாம். அமைதியில்லாத பிள்ளைக்கு வாளியைக் கொஞ்சம் நிறைத்துவிடலாம், பாரம் தூக்குவது பல பிள்ளைகளை நிதானப்படுத்துகிறது. பிள்ளையின் நிறையில் பத்தில் ஒரு பங்குக்குமேல் பாரம் கொடுப்பதில்லை, பதினைந்து கிலோ பிள்ளைக்கு வாளியோடு சேர்த்து ஒன்றரைக் கிலோ.

இன்னொன்று குரும்பட்டித் தேர். ஊரில் தாத்தாமார் செய்துகொடுத்தது நினைவிருக்கும். ஒரு கை குரும்பட்டியை இறுக்கிப் பிடிக்கவேண்டும், மற்றக் கையின் மூன்று விரலும் ஈர்க்கைப் பிடித்து உள்ளே தள்ளவேண்டும், பலம் கூடினால் ஈர்க்கு முறியும், குறைந்தால் ஏறாது. பென்சிலுக்கு வேண்டிய விரல்கள் இவைதான், பலத்தை அளந்து போடும் கணக்கும் இதுதான். ஈர்க்கை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி முனையை மழுக்குங்கள், எல்லோரும் நிலத்தில் இருந்து செய்யவேண்டும், ஈர்க்கோடு யாரும் நடக்கக்கூடாது. கொழும்பில் குரும்பட்டி கிடைக்காவிட்டால் களிமண் உருண்டை போதும். தாத்தா யாராவது வந்து இருந்து செய்துகாட்டினால் அதைவிட நல்லது, பிள்ளைகள் எங்களுக்குக் காட்டாத பொறுமையைத் தாத்தாவுக்குக் காட்டுவார்கள்.

பூவரசம் இலையைக் கழுவிச் சுருட்டிப் பீப்பீ ஊதுவது விரல் நுனிக்கும் உதட்டுக்கும் மூச்சுக்கும். தென்னோலையில் பாம்பு பின்னுவது இரண்டு கையையும் சேர்க்கும், ஐந்து வயதுக்கு முன் சிரமம். விழுந்த பூவையும் சருகையும் பொறுக்கி நிறம் பார்த்துப் பிரிப்பது, சிரட்டைக்குச் சிரட்டை மணல் மாற்றுவது, ஈர மணலில் முழுக் கையையும் வீசிப் பெரிய வட்டம் போடுவது, தாழ்ந்த கிளையில் பத்து எண்ணும்வரை தொங்குவது. எழுத்து வேண்டும் என்று கேட்கும் பெற்றோருக்கு நான் இந்தத் தொங்குவதைத்தான் முதலில் காட்டுவேன். ஆனால் ஏறவேண்டிய பிள்ளையைத் தூக்கி ஏற்றிவிடாதீர்கள். தானாக ஏறிய உயரத்திலிருந்து இறங்கவும் பெரும்பாலும் தானாகத் தெரியும், நாம் ஏற்றிவிட்ட உயரத்தில் அது மாட்டிக்கொள்ளும்.

ஆறாம் படி: பிள்ளைக்கு ஏற்றபடி மாற்றுங்கள்

மண்ணைக் கண்டு பயப்படும் பிள்ளையின் கையைப் பிடித்து மண்ணுக்குள் வைக்காதீர்கள். இதை நல்லெண்ணத்தோடு செய்பவர்கள் நிறைய, அதனால் பயம் இரட்டிப்பாகும். கரண்டி, குச்சி, காய்ந்த அரிசி, காய்ந்த மணல், பிறகு ஈர மணல் என்ற வரிசையில் போங்கள், பக்கத்தில் எப்போதும் ஒரு துவாயும் தண்ணீரும் இருக்கட்டும். கை கழுவலாம் என்று தெரிந்தால்தான் பிள்ளை அழுக்காக்கத் துணியும்.

ஓடிப்போகும் பிள்ளைக்கு எல்லை கண்ணுக்குத் தெரியவேண்டும். நிலத்தில் கயிறு போடுங்கள், மரத்தில் சிவப்புத் துணி கட்டுங்கள், "ஓடாதே" என்று சொல்லும் இடத்தில் "சிவப்பு மரம்வரை ஓடு, தொட்டுவிட்டு வா" என்று சொல்லுங்கள். சத்தத்துக்குப் பயப்படும் பிள்ளைக்கு அன்றைக்கு என்ன நடக்கும் என்பதைப் படங்களாக வரிசையில் காட்டுங்கள், காகம் கத்தும், ரயில் போகும் என்பதையும் சேர்த்து. ஒதுங்கி இருக்க ஒரு மூலை, பாய் போட்டு, எப்போதும் திறந்திருக்கவேண்டும், அது தண்டனை மூலையாக ஒருநாளும் மாறக்கூடாது.

சக்கர நாற்காலியிலோ நடைச்சட்டத்தோடோ வரும் பிள்ளையை நிழலில் இருத்திக் கைதட்டச் சொல்லும் காட்சியை நான் பலமுறை பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் மனம் தாங்காது. மண் பேசினை அந்தப் பிள்ளையின் மடி உயரத்துக்கு மேசையில் ஏற்றுங்கள். கரண்டிக் காம்பில் துணி சுற்றித் தடிப்பாக்குங்கள், பிடி தளர்ந்த கைக்கும் பிடிபடும். தண்ணீருக்கு வாளி வேண்டாம், குழாயோடு பைப்பை மாட்டிக் கையில் கொடுங்கள், முழுத் தோட்டத்துக்கும் தண்ணீர் விடும் பொறுப்பு அவருடையது, மற்றப் பிள்ளைகள் அவரிடம் வந்து கேட்கவேண்டும். பலகை ஒன்றைச் சாய்த்துவிட்டால் வாசல் படியும் தடையாக இருக்காது.

ஏழாம் படி: ஒரு காலையை ஒழுங்குபடுத்துங்கள்

காலை எட்டு முதல் ஒன்பதரைவரை நல்ல நேரம், பத்துக்குப் பிறகு வெயில் சுடும். முதல் இருபது நிமிடம் பாரமான வேலை: தண்ணீர், டயர் உருட்டல், மணல் சுமத்தல், ஏறுதல். உடம்பு விழித்தபிறகு விரல் வேலை: பொறுக்கல், கோத்தல், தேர். நடுவில் தண்ணீர் குடிக்க ஒருமுறை. பிறகு கட்டாயம் அரை மணித்தியாலம் ஒன்றும் சொல்லாமல் விடுங்கள், பிள்ளைகள் தாங்களே விளையாட்டை உண்டாக்கும் அந்த நேரத்தில்தான் எனக்கு அதிகம் தெரியவரும். கடைசியில் கழுவல், துடைத்தல், சப்பாத்துப் போடுதல். இதை அவசரப்படுத்தாதீர்கள், சப்பாத்துப் போடுவதே ஒரு பாடம். முழுவதும் நீங்கள் செய்து, கடைசி ஒட்டியை மட்டும் பிள்ளை ஒட்டட்டும். அடுத்த கிழமை கடைசி இரண்டு வேலை. பின்னாலிருந்து முன்னால் வந்தால் ஒவ்வொரு நாளும் பிள்ளையே முடித்ததாக இருக்கும்.

மே முதல் செப்டெம்பர்வரை தென்மேல் பருவமழை. இடி இல்லாத தூறலில் விளையாடலாம், மாற்று உடுப்பு இருந்தால் போதும். பெருமழை நாளில் தாழ்வாரத்தில் மண் பேசினும் சருகும் போதும்.

எட்டாம் படி: வீட்டாரோடு பேசுங்கள்

வெள்ளைச் சட்டை அழுக்காகி வந்தால் அம்மா கோபப்படுவார், அதில் பிழையில்லை, துவைப்பது அவர்தானே. மண் விளையாட்டுக்கென்று பழைய உடுப்பு ஒன்றை முன்பள்ளியிலேயே வையுங்கள். "தடிமன் பிடிக்கும்" என்று அம்மம்மா சொன்னால் வாதாடாதீர்கள். மழையில் நனைவதால் மட்டும் தடிமன் வராது, கிருமியால் வரும் என்று ஒருமுறை சொல்லிவிட்டு, பிள்ளையைத் துவட்டி, காய்ந்த உடுப்போடு வீட்டுக்கு அனுப்புங்கள். நாலு முறை அப்படிப் போனால் அம்மம்மாவே சமாதானமாவார்.

பிளாட்டில் இருப்பவர்களுக்கும் வேலை இருக்கிறது. பருப்புக் கழுவுவது, தேங்காய்ப்பூவைப் பிழிந்து பால் எடுப்பது, இடியப்ப மாவு குழைப்பது, சந்தையிலிருந்து ஒரு சின்னப் பையைத் தானே சுமந்து வருவது, பால்கனிச் சாடியில் வல்லாரை நடுவது. மூன்று மாடிவரை என்றால் இறங்கும்போது லிப்டை விடுங்கள். வீட்டுக்கு ஒரு வேலை மட்டும் கேளுங்கள், ஐந்து கேட்டால் ஒன்றும் நடக்காது.

ஒன்பதாம் படி: எழுதி வைத்துத் திரும்பிப் பாருங்கள்

ரீச்சர் சிகிச்சையாளர் ஆகவேண்டியதில்லை. பிள்ளையை மதிப்பிட்டு இலக்கை வகுப்பதும் மாற்றுவதும் ஓ.டி. வேலை, அன்றாடம் வாய்ப்புக் கொடுத்துப் பார்த்து எழுதுவது ரீச்சர் வேலை. மாதம் ஒருமுறை சிகிச்சையாளர் வந்து ஒரு மணித்தியாலம் முற்றத்தில் நின்று ரீச்சரோடு பேசுவது, கிழமைக்கு ஒருமுறை பிள்ளையைத் தனி அறைக்குள் கூட்டிப்போவதைவிட எத்தனையோ பிள்ளைகளுக்கு அதிகம் உதவியதைக் கண்டிருக்கிறேன். சிலருக்குத் தனிச் சிகிச்சையும் வேண்டும், அதை விட்டுவிடச் சொல்லவில்லை.

ஒவ்வொரு பிள்ளைக்கும் கிழமைக்கு ஒரு வரி போதும், திகதியோடு. பத்துக் கிழமை முடிந்ததும் ஐந்து படிக்கட்டை எடுத்து எங்கே நிற்கிறார் என்று பாருங்கள். அசைவே இல்லையென்றால் பிள்ளையைக் குறைசொல்லும்முன் வேலையைப் பாருங்கள்: சவால் பெரிதா, இடம் சத்தமா, காலையில் சாப்பிட்டு வந்தாரா? மாற்றியும் அடுத்த பத்துக் கிழமை அப்படியே இருந்தால் வைத்தியரிடம் அனுப்புங்கள்.

தரம் ஒன்றுக்குப் போகும்போது, பெற்றோரின் சம்மதத்தோடு புதிய ரீச்சருக்கு அரைப் பக்கம் எழுதிக்கொடுங்கள். குறைகளின் பட்டியலாக எழுதவேண்டாம். நான் கடைசியாக எழுதியது இப்படி இருந்தது: "ஜன்னலோரம் இருத்தாதீர்கள், ரயில் சத்தம் அவரைக் குழப்பும். எழுதத் தொடங்கும்முன் கரும்பலகையைத் துடைக்கக் கொடுங்கள், பிறகு கை நன்றாக வேலை செய்யும். சப்பாத்துத் தானே போடுவார், ஆனால் நேரம் கொடுக்கவேண்டும். செடிகளின் பெயர் நாற்பதுக்குமேல் தெரியும், கேட்டுப் பாருங்கள்."